இடது பக்கத்து அருவி

சாம்பார்க் கரண்டியைத் தட்டுக்கு மேலே நிறுத்திக்கொண்டு, "மேல என்ன தெரிஞ்சுது?" என்று கேட்கிறார் கண்ணம்மாள். பதில் வந்த பிறகுதான் கரண்டி சாயும். ஒன்றும் தெரியவில்லை, ஒரே பனி என்பவருக்கு அரைக் கரண்டி. ஊட்டி ஏரி தெரிந்தது, அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம் தெரிந்தது என்று நின்று நிதானமாகச் சொல்பவருக்குக் கூடுதலாக ஓர் அப்பளம். கைப்பேசியை நீட்டிப் படம் காட்டும் இளவட்டங்களைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது. "போட்டோ கெடக்கட்டும். கண்ணு என்ன பாத்துது, அத சொல்லு."

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக் குடும்பங்களை மே மாதமானால் ஊட்டிக்கு அழைத்துப்போகிறவர் தர்மராஜ். வேனின் பின்பக்கம் கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, விலைபோகாத கோணல் ஜாடியில் எலுமிச்சை ஊறுகாய். இவற்றுக்கு நடுவே சமையலுக்குக் கண்ணம்மாள். மலையில் சோறு வேக அடம்பிடிக்கும், தேங்காய் எண்ணெய் கட்டிக்கொள்ளும். இரண்டையும் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டியே வேலை வாங்குவார். காலையில் தாவரவியல் பூங்கா, சாயங்காலம் ஏரியில் படகு. இரண்டையும் அவரும் பார்த்ததுண்டு. தொட்டபெட்டா சிகரம் மட்டும் எப்போதும் நடுப்பகலில் வந்து தொலைக்கும். அப்போது உலை கொதித்துக்கொண்டிருக்கும்.

மலை உச்சிக்கு அவர் போகாவிட்டால் என்ன, போய்வந்து சொல்ல மாயவன் இருந்தார். மாயவன் அவர் கணவர். பட்டறையில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவர். சுற்றுலாவுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுக் காய் நறுக்க வருவார். நறுக்கி முடித்ததும், எல்லோரையும்போல மலைக்குப் போய்வந்து அடுப்பருகே குந்திக்கொண்டு கதை சொல்வார். ஏரி ஒரு வெற்றிலை அளவுதான் தெரியும். காற்று வேட்டியைப் பிடுங்கும். இடது பக்கம் அருவி ஒன்று வெள்ளையாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். கேட்டுக்கேட்டுக் கண்ணம்மாளுக்கு அந்த மலை மனப்பாடம். புதிதாக வருகிறவர்களிடம், "இடது பக்கம் அருவி இருக்கும், வுட்டுடாதீங்க" என்று சொல்லி அனுப்புவார். அப்படி ஒன்றும் இல்லையே என்று திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும். பனி மூடியிருக்கும் என்று தேற்றுவார்.

சில வருடங்களாக மாயவன் வருவதில்லை. சூளைத் தூசு நெஞ்சில் தங்கிவிட்டது, குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார்ந்து மூச்சு மருந்தை இழுத்துக்கொண்டிருக்கிறார்.

இந்த மே மாதம் தர்மராஜ் ஒன்றைச் சொன்னார். அடுத்த வருடத்திலிருந்து ஓட்டல் சாப்பாடு, அடுப்பு கிடையாது. சொன்ன கையோடு, கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னிக்காவது போயிட்டு வாங்கக்கா. நான் பாத்துக்கறேன்" என்றார். கண்ணம்மாளுக்குப் பார்க்க ஆசைதான். பார்த்து, அது மாயவன் சொன்னதுபோல இல்லாமல் போய்விட்டால் என்கிற பயமும்தான். தர்மராஜின் மருமகள் இளமதி கையைப் பிடித்து அழைத்துப்போனாள்.

உச்சியில் துளிப் பனி இல்லை. ஏரி தெரிந்தது, ஊர் தெரிந்தது. கண்ணம்மாள் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு இடது கோடிவரை போனார், வலது கோடிக்கு வந்தார், மறுபடியும் இடது பக்கம் போனார். பிறகு தொலைநோக்கி வைத்திருந்தவரிடம் அருவி எங்கே என்று கேட்டார். இந்த மலையில் எந்தப் பக்கமும் அருவி இல்லை என்றார் அவர்.

கண்ணம்மாள் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். டாக்டர் சொன்னது சில வருடங்களுக்கு முன்புதான். ஆனால் ஊரில் ரயில்வே மேம்பாலம் ஏறும்போது பீடி பற்றவைக்கிற சாக்கில் மாயவன் நின்று நின்று வந்தது அதற்கும் வெகுகாலம் முன்பு. மனிதர் ஒருநாளும் இந்த ஏற்றத்தில் ஏறியிருக்க முடியாது. கீழே டீக்கடையில் உட்கார்ந்து, இறங்கி வருகிறவர்களிடம் கேட்டதில் கொஞ்சம், சொந்தச் சரக்கு கொஞ்சம் என்று கலந்து கொண்டுவந்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் இவள் கலங்கிப்போவாள் என்பதற்காக, ஓர் அருவியையே கொட்ட விட்டிருக்கிறார். கண்ணம்மாளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இளமதியிடம் கைப்பேசி வாங்கி ஊருக்குப் பேசினார்.

மேலே நிற்பதாகச் சொன்னதும் அந்தப் பக்கம் இழுப்புச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு மாயவன் மெதுவாக, "பனியா இருக்குதா கண்ணம்மா?" என்றார்.

"பனியெல்லாம் இல்லீங்க. நல்லா தெரியுது. நீங்க சொன்ன எடத்துலயே கொட்டுது."

இளமதி திரும்பிப் பார்த்தாள். கண்ணம்மாள் கம்பித் தடுப்பில் வயிறு பட எட்டி நின்று, காற்று இரைகிற பக்கமாகக் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.