பூங்காவனத்துக்கு டிக்கெட் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் நாத்தனாரிடமிருந்து போன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்தால் இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, வீட்டில் ஏதோ விசேஷம். இன்னொன்று, நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது... விசேஷம் இல்லை.

"ஏம்மா, பேப்பர்ல எழுதினியே, அதால இன்னா ஆச்சுன்னு ஒரு நட வந்து பாத்துட்டுப் போ. நடவுக்கு வந்த பொம்பளைங்க வரப்பு மேலயே நின்னுக்கினு இருக்காங்க. நெலத்துல கால வைக்க மாட்டேன்றாங்க."

"ஏன் அண்ணி?"

"சேத்துக்குள்ள பாட்டில் துண்டு. சரசு கால்ல ஏறிடுச்சு. நாத்த புடுங்கி முடி கட்டிப் போட்டாச்சு. இன்னிக்கி நட்டாத்தான் உண்டு."

வைத்துவிட்டார். பிடுங்கி முடிகளாக, அதாவது சின்னச் சின்னக் கட்டுகளாகப் போட்ட நாற்று காத்திருக்காது என்பது, வயலில் இறங்காத எனக்கே தெரியும். அன்றைக்கு நடாவிட்டால் வாடிப் பழுத்து வீணாகும். அதோடு அந்தப் பட்டமே, அந்தப் பருவத்துச் சாகுபடியே போச்சு. அண்ணிக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம்தான்.

அண்ணியின் பெயர் பூங்காவனம். என் வீட்டுக்காரருக்கு அக்கா. ஊர், கண்டமங்கலத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே புரியும்.

மேல்மலையனூர் அம்மனை வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைகளுக்கு எங்கள் பக்கத்தில் வைக்கிற பெயர் அது. ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்று "பூங்காவனம்" என்று குரல் கொடுத்தால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

தாம்பரத்தில் குரல் கொடுத்தால்? யாரும் திரும்ப மாட்டார்கள். அங்கே பூங்காவனம் என்றால் ஊஞ்சல், சறுக்கு மரம், வாக்கிங் பாதை. இந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைக்காமல் போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

கார்த்திகை மழையில் அண்ணி ஊர் ஏரி நிரம்பிக் கோடி போனது. கோடி போவது என்றால் நிரம்பி வழிவது. அது வழிவதற்கென்று கரையில் கட்டிய கலங்கலில் தண்ணீர் படிப்படியாகக் குதித்து இறங்குகிற அழகைப் பார்க்க நாங்களும் போனோம். உயரம் என்று பார்த்தால் என் இடுப்பு வரை வரும். ஆனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்ததும் கை சும்மா இருக்குமா? தமிழ்நாட்டில் தண்ணீர் எங்கே குதித்தாலும் அது குற்றாலம். மேடு எங்கே தெரிந்தாலும் அது ஏழைகளின் ஊட்டி. எங்கள் தொழிலில் இது ஒரு வியாதி.

இதே பக்கத்தில் நான் எழுதியது இதுதான்: "ரோட்டை விட்டு இறங்கி, பூங்காவனத்தின் வழியாக வரப்பில் நடந்தால்... குட்டி குற்றாலம்."

முதலில் "பூங்காவனத்தின் நிலத்தின் வழியாக" என்றுதான் இருந்தது. இரண்டு 'தின்' அடுத்தடுத்து வந்து காதை உறுத்தியதால் ஒன்றை எடுத்துவிட்டேன். நடை நன்றாக வந்தது. நிலம் போய்விட்டது.

அடுத்த ஞாயிறே கார்கள் வர ஆரம்பித்தன. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியைத் திருப்பினார்கள். சென்னையிலிருந்து கிளம்பி, திண்டிவனத்தில் பிரியாணி பார்சல் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எந்தப் புண்ணியவானோ போன் மேப்பில் 'பூங்காவனம் பார்க்' என்று குறித்தும் வைத்துவிட்டார். குறித்தால் சும்மா இருப்பார்களா? மதிப்பெண் போட்டார்கள்.

"டாய்லெட் வசதி இல்லை. இரண்டு ஸ்டார்."

"பராமரிப்பு போதாது. எங்கு பார்த்தாலும் சேறு."

"செடிகளே இல்லை. பெயருக்குத்தான் பூங்காவனம்."

இன்னொன்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது: "லேடி ஸ்டாஃப் ஒருவர் குச்சியோடு நிற்கிறார். மரியாதையாகப் பேசத் தெரியவில்லை. நிர்வாகம் கவனிக்க வேண்டும்."

அந்த லேடி ஸ்டாஃப் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மரியாதையாகப் பேசத் தெரியாது என்பதையும் மறுக்க முடியாது... நான் நாத்தனாரின் தம்பியைக் கட்டியவள்.

என் வீட்டுக்காரர் உதவி செய்கிறேன் என்று அந்த மேப்பைத் திருத்தப் போனார். அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் திரையில் வந்தது: 'பூங்காவனம் - நிரந்தரமாக மூடப்பட்டது.' அதை யாரோ அண்ணியிடம் காட்டிவிட்டார்கள்.

"இன்னா தம்பி, நான் உசுரோட கெடக்கச் சொல்லவே என்னிய மூடிட்டியா?" என்று போன் வந்தது. ஒரு வாரம் அக்கா தம்பிக்குள் பேச்சு இல்லை. அதற்குப் பிறகும் கார்கள் வந்துகொண்டுதான் இருந்தன. மூடியிருந்தாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது நம் ஜனங்களின் சுபாவம்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை, போனை வைத்த கையோடு வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் நின்றபோது சிரிப்பு வரவில்லை.

நாற்று முடிகள் வயல் முழுக்க வீசிப்போட்டபடி கிடந்தன. எட்டுப் பெண்கள் வரப்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். சரசு மட்டும் உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் கட்டியிருந்த துணியெல்லாம் ரத்தம். ஷேர் ஆட்டோ வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஒரு பெண் கூடவே நின்றாள். அந்தத் துணியைப் பார்த்த பிறகு சரசுவின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நடவு ஆட்களைக் கூட்டி வருகிற குப்பம்மா, சரசுவின் மாமியார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் எழுதினவளா?"

"ஆமாங்க."

"வந்தவங்க அல்லாரும் நல்லா ஷூ போட்டுக்கினு வந்தாங்க. குடிச்சிட்டு பாட்டில அங்கியே போட்டுட்டுப் போயிட்டாங்க. உழவு ஓட்டின டிராக்டர் அது மேல ஏறி எல்லாத்தையும் நொறுக்கி உள்ள தள்ளிட்சி. இப்ப செருப்பில்லாம எறங்கற எங்க காலுதான் மாட்டுது. இது இன்னா ஞாயம்மா?"

செருப்புப் போட்டுக்கொண்டு நடவு நட முடியாது. சேறு செருப்பைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் மேலே வரும். நாற்றின் ஆழத்தைப் பாதம்தான் சொல்ல வேண்டும். அவர்களை இறங்கச் சொல்லிக் கேட்க அண்ணிக்கே வாய் வரவில்லை. நாற்று முடிகளைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது.

கணவன், மனைவி. இருவருக்கும் முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கலாம். அவர் வரப்போரமாக வந்து அண்ணியிடம், "ஏங்க, பூங்காவனம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"நான்தான். இன்னா வேணும்?"

அவர் குழம்பிவிட்டார். "இல்லங்க... பூங்காவனம். டிக்கெட் எங்க எடுக்கணும்?"

"என்னியப் பாக்கறதுக்கா டிக்கெட்டு?"

நான் மெல்ல என் வீட்டுக்காரரின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். பிரயோஜனம் இல்லை. மனைவி என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "மேடம், நீங்க தானே அந்தப் பத்தி எழுதறவங்க? அதைப் படிச்சுட்டுத்தான் தாம்பரத்துலேர்ந்து வர்றோம். போட்டோவுல இன்னும் சின்ன வயசா தெரிவீங்க."

"குற்றாலம் எங்க?" என்றார் கணவர்.

அண்ணி கையை நீட்டினார். மழை நின்று வாரக்கணக்காகிவிட்டது. கலங்கலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக் குழாயிலேயே அதைவிட வேகமாக வரும்.

விஷயம் என்னவென்று அந்தப் பெண்தான் கேட்டார். சரசுவின் காலைப் பார்த்தார். மறைக்க எதுவும் இல்லாததால் நானே எல்லாவற்றையும் சொன்னேன்... 'தின்' எடுத்தது உட்பட. அதற்குள் ஷேர் ஆட்டோ வர, சரசு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

அண்ணி இருவர் கால்களையும் பார்த்தார். பளபளவென்று ஷூ.

"ஷூ போட்டுக்கினுதானே வந்திருக்கீங்க. ஒரு கை குடுத்துட்டுப் போங்க. ஜல்தி ஆவட்டும், வெயில் ஏறுது."

அவர்கள் திரும்பிப் போய் காரில் ஏறியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். பாட்டிலைப் போட்டது அவர்கள் இல்லை. அந்தப் பெண் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். கணவர் ஒருமுறை தன் வெள்ளை ஷூவைப் பார்த்தார், ஒருமுறை மனைவியைப் பார்த்தார். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டார். கல்யாணமானவர்.

முன்பு வந்து குடித்தவர்கள் உட்கார்ந்தது வரப்பை ஒட்டித்தான். அந்த ஓரத்தில் மட்டும் தண்ணீரை வடித்தோம். என் வீட்டுக்காரரும் அவரும் மண்வெட்டியால் சேற்றை வழித்துப் போட, நானும் அந்தப் பெண்ணும் கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, மணல் சலிக்கிற சல்லடையில் அலசினோம். பாட்டில் கழுத்துகள், அடிப்பாகங்கள், பிரியாணி டப்பாக்கள், ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. கீறல் விழாத ஒரு கூலிங்கிளாஸும் கிடைத்தது. அண்ணி அதைக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நன்றாகவே இருந்தது.

"இத்தினி காரு வந்துச்சே," என்றார் அண்ணி, கண்ணாடி வழியாக எங்களை மேற்பார்வை பார்த்தபடி. "முனையில டீக்கடை கீது. ஒருத்தராச்சும் எறங்கி ஒரு டீ குடிச்சாங்களா? வறுத்த மல்லாட்டை விக்குது, உங்க ஊரு வேர்க்கடலதான், ஒரு பொட்டலம் வாங்கினாங்களா? திங்கறது அல்லாம் அங்கேர்ந்து கட்டிக்கினு வர்றாங்க. குப்பைய மட்டும் எங்க ஊருக்குக் குடுத்துட்டுப் போறாங்க."

சல்லடையை ஆட்டிக்கொண்டிருந்த எனக்கு ஊட்டி ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் போயிருந்தபோது, ரோட்டோரக் கேரட் பாத்தியில் இறங்கி போட்டோ எடுத்தோம். நாலைந்து செடிகள் மிதிபட்டிருக்கும். ஒரு அம்மா குச்சியோடு ஓடிவந்து கத்தினார். "என்ன ஜனங்களோ, வந்தவங்களை மதிக்கத் தெரியலை" என்று கோத்தகிரி வரும் வரை காரில் பேசிக்கொண்டே வந்தோம். அந்த அம்மாவின் பெயரைக் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதற்காக ஊர் சுற்றாதீர்கள் என்று நான் சொல்வேனா? சொன்னால் என் வீட்டுக்காரரே நம்பமாட்டார். போங்கள். ஆனால் நாம் போகிற எந்த இடமும் யாரோ ஒரு பூங்காவனத்தின் இடம். மேப்பில் அது பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். போனதும் முதலில் அங்கே இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். டீயை அங்கேயே குடியுங்கள். கொண்டுபோன பாட்டிலுக்குத் திரும்பி வரவும் காரில் இடம் இருக்கும்... போகும்போது இருந்ததே. அப்புறம், ஒரு இடம் ரொம்பப் பிடித்துவிட்டதா? ஊரைக் கூட்டாதீர்கள். இதை நான் சொல்கிறேன் என்று சிரிக்க வேண்டாம். நான்தான் சொல்ல வேண்டும்.

பதினொன்றரை மணிக்குச் சல்லடையில் வெறும் சேறுதான் வந்தது. இரண்டாம் முறையும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. தாம்பரத்துக்காரரின் ஷூ என்ன நிறம் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்கள். அண்ணி வயலுக்குத் தண்ணீர் விட்டார்.

"குப்பம்மா, எறங்கறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

குப்பம்மா டீயைக் குடித்து முடித்தார். "தேடினீங்க, சரி. நீங்க அல்லாரும் ஷூவும் செருப்பும் போட்டுக்கினு தேடினீங்க. இப்ப யாராச்சும் ஒருத்தர் வெறுங்கால்ல நடந்து காட்டுங்க. அப்பறம் நாங்க எறங்கறோம்."

யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் வீட்டுக்காரர், "நான் போறேன்" என்றார். "நீ கம்முனு இருப்பா," என்றார் குப்பம்மா.

செருப்பைக் கழற்றினேன். சேறு ஜில்லென்று இருந்தது. பயமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை... ஒவ்வொரு அடிக்கும் சரசுவின் கட்டுத்துணி கண்ணில் வந்தது. விரல் நுனியை வைப்பதும் உடனே எடுப்பதுமாக, அரை ஆள் கனத்தில், வரப்போரமாகப் பாதி தூரம் போய்விட்டேன். தினம் தினம் இவர்கள் இப்படித்தானே இறங்குகிறார்கள், யாரை நம்பி?

பின்னாலிருந்து குப்பம்மாவின் குரல் வந்தது.

"எழுதறாப்போல மேலாக்கப் போவாதம்மா. திரும்பி வந்து மொதல்லேர்ந்து நட. அழுத்தி நட."

திரும்பி வந்தேன். அழுத்தி நடந்தேன்... வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஒவ்வொரு அடியும் கணுக்கால் புதைய.

அதற்குப் பிறகுதான் அவர்கள் புடவையைத் தூக்கிச் செருகினார்கள்.