வாசலில் தழை இல்லை

எந்த வீட்டுக்குப் போனாலும் துவா உடனே கூப்பிட மாட்டான். மூன்றடி தள்ளி நிற்பான். கண்ணை நிலையின் இடது மூலையில் வைத்து, மேல்சட்டம் வழியாக வலது மூலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெல்லக் கீழே இறக்குவான். பச்சைத் தழை ஏதும் செருகியிருக்கிறதா என்று பார்ப்பான். இல்லையென்றால் ஒருமுறை இருமிவிட்டுப் பெயர் சொல்வான். இருந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிடுவான். தழை தொங்குகிற வீட்டில் பிள்ளை பிறந்திருக்கும், அல்லது ஆவிகளுக்குப் பூசை நடந்திருக்கும். வெளியாள் நுழையக் கூடாது.

துவாவும் அந்த மலைக்காரர்களைப் போல மோங் இனத்தவன்தான், மூவா குலம். ஆனால் அவன் அப்பா காலத்திலேயே குடும்பம் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து அடிவாரத்து நகரத்துக்கு இறங்கிவிட்டது. அவன் வளர்ந்த வீட்டு வாசலில் தழை தொங்கியதே இல்லை. லாவோஸ் எல்லையை ஒட்டிய இந்த மலைக் கிராமத்துக்கு ஒரு வருட ஊழியத்துக்கு வந்த பிறகு படித்துக்கொண்ட பாடம் அது. கூச்ச சுபாவம் வேறு. பிரசங்கத்தைவிட அவன் சோளக்காட்டில் களை பிடுங்கியதே அதிகம். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாறு பேர் வந்தால் பெரிது.

அன்று ஸியோங் குலத்து வீட்டு மேட்டில் ஏறினான். பார்த்தான். தழை இல்லை. இருமினான்.

"யாரு? உள்ள வாங்க" என்றது பெண் குரல்.

நிலையைத் தாண்டி இரண்டடி வைத்த பிறகுதான் தொட்டிலைப் பார்த்தான். அடுப்பருகே அந்த வீட்டு மருமகள் கவ் நூ, மடிமேல் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் காலில் சேறு படிந்த பூட்ஸ், தோளில் பை. பின்வாங்கப் பார்த்தான்.

"வந்தது வந்துட்டீங்க, சொல்லிட்டுப் போங்க. டவுன்ல பஸ் ஸ்டாண்டை இடிச்சுட்டாங்களாமே, நிசமா?"

"இடிச்சுட்டாங்க அக்கா."

"அந்த ஐஸ் கடை?"

"அது இருக்கு."

அவள் சிரித்தாள். ஆண்டவரைப் பற்றி அவள் கேட்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. ஐஸ் கடையில் இப்போது எத்தனை நிறம் என்பதுவரை பேசிவிட்டு இறங்கினான்.

அந்த வாரமே அவளுக்குப் பால் வற்றிவிட்டது.

மாமியார் யூவா அவன் அறை வாசலில் வந்து நின்றாள். "மூவா குலத்துப் பையா, என் பேரனோட பாலை எங்க வச்சிருக்க?"

"அம்மா, நான்..."

"சேத்து பூட்ஸோட நுழைஞ்சியாமே? பக்கத்து வீட்டுக்காரி பாத்திருக்கா. வேணும்னு எடுத்தேன்னு நான் சொல்லல. உன் பூட்ஸோட ஒட்டிக்கிட்டுப் போயிருச்சு. கொண்டாந்து குடு."

"வாசல்ல தழை இல்லம்மா."

"என் கையால செருகுனேன். இப்பவும் அங்கதான் தொங்குது. வந்து பாரு!"

போய்ப் பார்த்தான். தொங்கியது. வாடியிருந்தது.

அதற்குப் பிறகு அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நிலையைப் பார்ப்பான், திரும்புவான், மறுபடி பார்ப்பான். தன் அறைக் கதவைக்கூட மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டுத்தான் நுழைந்தான். அவள் கூப்பிட்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவளை அந்த வீட்டில் என்ன பாடு படுத்துவார்கள் என்று தெரியும். சோளக்காட்டில் ஆண்கள் விடவில்லை. "ஏய் பால்காரா, எங்க பன்னிக்கும் பால் குறைஞ்சிருச்சு. உன் பையைக் கொஞ்சம் தொறந்து காட்டு!"

எடுத்த பாலைத் திருப்ப ஒரு வழி இருந்தது. எடுத்தவன் ஒரு கிண்ணம் தண்ணீரோடு வந்து, தாயின் கையில் கொடுக்க வேண்டும். அவள் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். மழையில் பாதை சரிந்து பால்பவுடர் வண்டியும் வரவில்லை. குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்னல் கிடைக்கிற முகட்டுக்கு ஏறி, நகரத்துச் சபையின் போதகருக்குப் போன் செய்தான்.

"போகாத தம்பி" என்றார் அவர். "ஜெபம் பண்ணு. நீ கிண்ணத்தைத் தூக்கிட்டுப் போனா, நம்ம ஆளே ஆவிக்குப் பயந்தான்னு மலை பூரா பேசும். அப்புறம் உன்னை அங்க வச்சிருக்க முடியாது."

"குழந்தை அழுவுது ஐயா."

"அதுக்கும் ஜெபம் பண்ணு."

ஜெபம் பண்ணினான். முகட்டில் அங்கும் இங்கும் நடந்துகொண்டே பண்ணினான். குழந்தையின் அழுகை அவ்வளவு உயரத்துக்குக் கேட்காது. ஆனாலும் கேட்டது.

இறங்கி வந்து கிண்ணத்தில் தண்ணீர் மொண்டான். மேடேறும் வழியெங்கும் ஜனங்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். தண்ணீர் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. பூட்ஸைக் கழற்றி, பையை வெளியே வைத்து, வெறுங்காலோடு நுழைந்தான்.

"தெரியாம நான் கொண்டுபோனது இது" என்றான். "திரும்பக் கொண்டாந்துட்டேன்."

கவ் நூ வாங்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பால் வந்தது. தண்ணீராலா, மூலிகை போட்ட கோழிச் சாற்றாலா, ஜெபத்தாலா என்று அவரவர் ஒன்று சொன்னார்கள். கிண்ணம் தூக்கிப் போனதைப் போதகரிடம் துவா தானே சொல்லிவிட்டான். அவர் மாதக் கடைசிக்குள் இறங்கி வரச் சொல்லிவிட்டார். வருடம் பாதிதான் முடிந்திருந்தது. புறப்படும்போது யூவா ஒரு கோழியைக் காலைக் கட்டிக் கையில் கொடுத்தாள். "நல்ல பையன். கண்ணுதான் சரியில்ல."

நகரத்தில் கண் டாக்டரிடம் காட்டினான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். அது அவன் மனக்குடைச்சலை இன்னும் கூட்டியது. ஊழியத்துக்கு மறுபடி பெயர் கொடுக்கவில்லை. பார்க்காத ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டோமோ என்கிற எண்ணம் எல்லாவற்றிலும் போய் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து, புத்தாண்டுக் கூட்டத்தில் அந்த ஐஸ் கடை முன்னால் கவ் நூவைப் பார்த்தான். முதுகில் பையன், கொழுகொழுவென்று. அவள்தான் பேச்செடுத்தாள்.

"அப்ப, பிள்ளை பெத்து ஒரு மாசமா அந்த அடுப்பையும் கோழிச்சாறையும் தவிர நான் எதையும் பாக்கல தம்பி. நீங்க மேடேறி வர்றதப் பலகை இடுக்குல பாத்தேன். ஓடிப்போய்த் தழையை உருவிட்டேன். நீங்க பேசிட்டிருந்த நேரமெல்லாம் அது போர்வைக்கு அடியில, என் மடியிலதான் இருந்துச்சு."