கழற்றி வைத்த காலிபர்

காலை பத்தேகால் மணிக்கு என் போனில் ஒரு படம் வந்தது. ஒரகடத்தில் ஆலை வேலைக்குப் போகும் என் மகள் பட்டுப்புடவையில், சக்கர நாற்காலியில், மடியில் பூங்கொத்தோடு இருந்தாள். அவளுக்குச் சக்கர நாற்காலியே கிடையாது. இடது காலில் காலிபர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டி நடப்பவள். அசெம்ப்ளி லைனில், காருக்குள் ஓடும் ஒயர்களைப் பலகையில் பிரித்து அடுக்கி டேப் சுற்றுவது அவள் வேலை.

படப்பையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஓடினேன். ஆலையைப் பார்க்க வந்த வெளிநாட்டு விருந்தினர்கள் வரவேற்பு முடிந்து உள்ளே போய்விட்டிருந்தார்கள். ரிசப்ஷனில் ஷூ ரேக் பக்கத்தில் அவளைத் தனியாக விட்டிருந்தார்கள். கசங்கிய பூவும் சாக்ஸும் கலந்த நாற்றம். இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

"காலிபர் எங்கம்மா?"

"கழட்டி எங்கயோ வெச்சிட்டாங்கப்பா. போட்டோல அசிங்கமா தெரியுதாம்." குரலைத் தாழ்த்தினாள். "பாத்ரூம் போணும்பா. ரொம்ப நேரமா."

"தூக்கிக்கினு போகட்டா?"

"ஐயோ, வேணாம்பா. எல்லாரும் பாப்பாங்க."

மேனேஜர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சார், உங்க பொண்ணுதான் எங்க எல்லாருக்கும் இன்ஸ்பிரேஷன். நாளையிலேர்ந்து லைன்ல கஷ்டப்பட வேணாம். இங்கயே உக்காந்து வணக்கம் சொன்னா போதும்."

போன வாரம்தான் அவள் ஒரு வீடியோ காட்டியிருந்தாள். ஆண்டிஸ் மலையில் பழங்காலக் கல்லறை; முதுகெலும்பு வளைந்த ஒரு பெண்ணின் எலும்புகள், பக்கத்தில் நெசவு ஊசிகள். "யாரோ அவள பாத்துக்கினு இருந்திருக்காங்கப்பா. அவளும் துணி நெய்ஞ்சிருக்கா. ரெண்டும்தான்" என்றாள். அவள் லைனிலும் அப்படித்தான். காலை நீட்டி வைக்கக் கட்டை அடித்த ஸ்டூலை உடன் வேலை செய்பவர்கள் செய்து கொடுத்தார்கள். ஒயர் கிளை பிரியும் சிக்கலான இடமெல்லாம் அவள் கைக்குத்தான் வரும். அந்தக் கையில்தான் இந்த ஆள் பூங்கொத்தைத் திணித்திருந்தார்.

"அவ வேலைய எடுக்காதீங்க சார்." என்றேன்.

"எடுக்கல சார். ரெஸ்ட் குடுக்குறோம்."

அப்போது லைனில் அவளுக்கு அடுத்து நிற்கும் பெண் காலிபரோடு வந்தாள். துடைப்பங்களுக்கு நடுவில் கிடந்ததாம்.

"ரெண்டு பேரும் அந்தாண்ட திரும்புங்க சார்."

திரும்பினேன். மேனேஜரும் திரும்பினார். பட்டைகள் இறுகும் சத்தம் கேட்டது.

"எந்திரிடி. மொதல்ல பாத்ரூம். அப்புறம் நேரா லைனுக்கு வா, சூப்பர்வைசரே கூட்டியாரச் சொன்னாரு. உன் ஸ்டூல்ல ஒருத்தரையும் உக்கார வுடல. வணக்கம் சொல்றதுக்கு ஆளு வேணும்னா, சேர் காலியாத்தான் கீது. மேனேஜர் சார் உக்காரட்டும்."