கடைசி வரிவரை படித்தவர்

படிப்பவரே, உங்களைச் சாட்சியாக நிறுத்துகிறேன். விழுப்புரத்து மண்டபம் ஒன்றின் மேடையில் ஒரு பேராசிரியர் கழுத்து நிறைந்த மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஒலிபெருக்கியின் முன் நான். வாழ்த்துரையின் முதல் அடுக்குத் தொடரை முடித்து, கைதட்டலுக்காகச் சற்றே நிறுத்தியிருக்கிறேன். அந்த இடைவெளியில் அவர் எழுந்தார். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மேடைத் தமிழை முறையாகப் பயின்றவன் என்ற பெருமிதம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பேராசிரியர் திண்டிவனத்துக்காரர்; சென்னையில் வரலாறு கற்பித்தவர். விடுமுறைகளைத் திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்து ஏரிக்கரைகளில் கழிப்பார். எந்த ஊரில் கல்வெட்டைப் படியெடுத்தாரோ, அந்த ஊர்க் கூலிக்காரர்களுக்காகத் தாலுகா அலுவலகத்தின் படியும் ஏறுவார். இரண்டும் ஒரே வேலை என்பதே அவர் எண்ணம். அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு: கல்வெட்டு எதுவானாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிப்பார். வேண்டிய வரி கிடைத்துவிட்டதென்று பாதியில் எழுந்ததே இல்லை.

மண்டப வாசலில் ஒருவர் வியர்த்து நின்றிருந்தார்; மேடையிலிருந்து அவரைக் கண்டுதான் பேராசிரியர் இறங்கியிருந்தார். வல்லத்துக்கு அப்பாலுள்ள ஒரு சேரியிலிருந்து பேருந்து பிடித்து வந்தவர்.

"எங்க மாமியா செத்துட்டாங்க சாமி. சுடுகாட்டு வழியில மணியக்காரரு முள்ளு போட்டு அடைச்சுட்டாரு. ஆளுங்க தடி வச்சிக்கினு நிக்கிறாங்க. பொணம் நேத்திலேர்ந்து வாசல்லயே கெடக்குது."

"சாமியெல்லாம் வேணாம்பா. வா, கார் கெடைக்குதா பார்க்கலாம்" என்றார் பேராசிரியர்.

நானும் அந்த வாடகைக் காரில் ஏறிக்கொண்டேன். போலீசுக்குச் சொல்லலாமே என்றேன். "சொல்லலாம். அந்தம்மா அதுவரைக்கும் காத்துக்கினு இருக்கணுமா?" என்றார். திண்டிவனம் தாண்டிய பிறகுதான் மீதியைச் சொன்னார். முந்தைய ஆண்டு அந்த மணியக்காரர் ஏரி வாய்க்காலுக்காகப் பக்கத்து ஊரோடு வழக்காடியிருக்கிறார். கரையிலுள்ள கல்லைப் படித்துச் சாட்சி சொல்லி, வழக்கை வென்று கொடுத்தவர் இதே பேராசிரியர். தண்ணீர் வந்ததும் மணியக்காரருக்கு ஆசையும் வந்தது. தன் நிலத்தை ஒட்டிய சுடுகாட்டு வழியையும் சேர்த்து உழுது மல்லாட்டைக் கடலை விதைத்துவிட்டார்.

"நான் வாங்கிக் குடுத்த தண்ணியிலதான் அந்தச் செடி மொளச்சிருக்கு" என்று ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முள்வேலிக்கு அப்பால் தடிகள், இப்பால் பாடை. மணியக்காரர் கைகூப்பினார்.

"வாங்க சார்! ஜெயிச்ச அன்னிக்கு ஊரே ஒங்களுக்கு மாலை போட்டுச்சு. இன்னிக்கு அவங்க பக்கம் போய் நிக்கிறீங்களே?"

"நான் கல்லு பக்கம் நிக்கிறேங்க."

"கல்லுல எங்க வாய்க்காதானே இருக்குது?"

"வாய்க்காலுக்கு எல்லையும் இருக்குதே. கோர்ட்டுல ஜட்ஜு போதும் போதும்னாரு, நான் கடைசி வரைக்கும் படிச்சேன். நீங்ககூடப் பின்னால ஒக்காந்து கொட்டாவி விட்டுக்கினு இருந்தீங்க."

பாடையின் பக்கம் யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

பேராசிரியர் கரைக்குப் போய்க் கல்லின் முன் குந்தினார். அன்றும் முதல் எழுத்திலிருந்துதான் தொடங்கினார். தடிக்காரர்களும் கேட்டார்கள். வாய்க்காலின் கீழெல்லை சேரியாரின் சுடுகாட்டு வழி என்றது கல். முழுதாகப் படித்ததால் தீர்ப்பிலும் அது அப்படியே ஏறியிருந்தது.

"பக்கத்து ஊர்க்காரங்க அப்பீல் போட்டிருக்காங்க" என்றார் எழுந்து, கையைத் தட்டிக்கொண்டே. "வழியே கெடையாதுன்னு நீங்களே சொன்னீங்கன்னா, எல்லையும் கெடையாது, வாய்க்காலும் கெடையாது. அவங்களுக்கு ரொம்ப வசதிங்க."

மணியக்காரர் செடிகளைப் பார்த்தார்; ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். நீதியும் அறமும் முழங்கும் ஒரு பேருரை என் நாக்கின் நுனியில் இருந்தது; நானோ பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"டேய், முள்ளை எடுங்கடா. ஜல்தி!" என்றார் அவர். பிறகு பேராசிரியரிடம், "படிச்சவங்களோட ஒரே பேஜாரு சார்" என்று முனகினார்.

மாண்டவள் ஆயுளெல்லாம் களையெடுத்த நிலத்தின் ஓரமாக, தடி படாமல், கல் விழாமல், பறையொலியோடு பாடை நகர்ந்தது. மணியக்காரரின் மனம் மாறியதாக நான் சொல்லமாட்டேன். அவருக்கு வாய்க்கால் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒரு கிழவி மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தாள்; ஒருவர் மண்டையும் உடையவில்லை. அறிஞர்களைப் போற்றும் கூட்டங்களில் இன்று அவர்களுடைய நூல்களை அடுக்கிச் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் கரையில் குந்தியிருந்த அந்த உருவமே என் கண்முன் வருகிறது. நெஞ்சு இலேசாகிறது.

அடக்கம் முடிந்து கார் அருகே நின்றோம். எங்களை அழைத்துவந்த மருமகன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கு சாரு இருந்தாரு. நாளைக்கு அவரு பட்டணம் போயிடுவாரு. அப்புறம் யாராச்சும் செத்தா நாங்க எங்க போறது?"

பேராசிரியர் வாய் திறக்குமுன், சேரியாரும் மணியக்காரரின் ஆட்களும் கேட்கும்படி நான் சொன்னேன். மேடைத் தமிழ் அப்போது வாயில் வரவில்லை.

"விழுப்புரத்துல என் வீட்டுக்கு ஆள் அனுப்புங்க. நான் எந்த மேடையில பேசிக்கினு இருந்தாலும் எறங்கி வர்றேன்."