செல்வக்கனி அக்கா நேராகக் கேட்ட கேள்வி

செல்வக்கனி அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு பழைய படம், கீழே இரண்டு வரி, யாரோ யாருக்கோ அனுப்பியதன் நகல். கீழவைப்பாரில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். நான் நம்பவில்லை. “பார்வேர்டுல வார சாவு, பாதி பொய்யி. போன் போட்டுக் கேளு” என்பது அவர் எங்கள் எல்லோருக்கும் சொல்லிவைத்தது. அவர் எண்ணுக்கே போன் போட்டேன். அவர் கணவர் எடுத்து, “ஆமா முத்து. காலைலதான். நெஞ்சுவலி” என்றார்.

ஏரல் வட்டாரத்தில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் நாங்கள் இருவரும் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தோம். வயர் இழுத்து ரூட்டரைப் பொருத்துவது என் வேலை. வீட்டுக்காரர்களுக்கு அதைப் பழக்கிவிடுவது அவர் வேலை. அதற்கு முன் ஏரல் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். “ஊர்ப் பேச்சு பூரா கேட்டவ நான். வயர்ல பேச்சு போச்சுன்னா அதக் கேக்க ஒருத்தன் இருப்பான்” என்பார்.

அவர் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சி வீட்டில் இணைப்புக் கொடுக்கப் போயிருந்தோம். அண்ணாச்சியின் மனைவி பொன்னுத்தாய், ரூட்டரைப் பார்த்ததும் கதவை மறித்து நின்றுகொண்டார்.

“இது வழியா வீட்டுக்குள்ள நடக்குறத வெளிய இருந்து பாப்பானுவளாம்லா?”

அப்படியெல்லாம் ஒன்றும் நடக்காது என்று நான் ஆரம்பித்தேன். அக்கா கையமர்த்தினார். “இதுல கேமரா கெடையாது, பாக்க முடியாது. ஆனா நீங்க போன்ல கண்டதையும் தொட்டீங்கன்னா, போன்ல இருக்க கேமரா வழியா பாக்கலாந்தான். எதத் தொடக் கூடாதுன்னு நான் சொல்லுதேன். மொத வேலையா, இந்தத் தம்பி வச்சிருக்க பாஸ்வேர்ட மாத்துங்க. அவன் இங்கன நிக்கையில மாத்தாதீங்க. அவன் வெளிய போட்டும்.”

நான் தெருவில் போய் நின்றேன். காது சுட்டது. இந்த அம்மாள் போட்டிக் கம்பெனி அனுப்பிய ஆளோ என்றுகூட யோசித்தேன். பொன்னுத்தாய் அன்றே இணைப்பை எப்படி வாங்கிக்கொண்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

ஆற்றங்கரைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர். வெளிநாட்டிலிருக்கும் மகள் முகத்தைப் பார்ப்பதற்காக மட்டும் இணைப்பு வாங்கியவர். ஒருநாள் அவர் கணக்கைச் சரிசெய்ய, அவர் போனுக்கு வந்த நாலு இலக்க எண்ணை அலுவலகத்திலிருந்து அக்கா கேட்டார்.

“தர மாட்டேன். கொரல மாத்திப் பேசுவானுவன்னு செல்வக்கனி சொல்லிருக்கா.”

“ஐயா, நாந்தான் செல்வக்கனி.”

“அத அவ வந்து சொல்லட்டும்.”

போனை வைத்துவிட்டு அக்கா சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது. அப்போதே பஸ் ஏறிப் போய், அவர் முன்னால் நின்று முகத்தைக் காட்டிவிட்டு வந்தார்.

பிறகு வந்தது எஸ்தர் டீச்சர் விஷயம். டீச்சர் ஒரு மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் தனியாகக் குடியிருந்தார். அவர் பள்ளியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தெரியாத எண்ணிலிருந்து செய்தி வரும். “இன்னைக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களே.” “நேத்து பூரா ஆளக் காணோமே.” டீச்சர் ஜன்னல்களைச் சாத்தியே வைத்தார். சோறு இறங்கவில்லை. இணைப்புக் கொடுத்த ஆளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்று அவர் தம்பி அலுவலகத்துக்கு வந்து சத்தம் போட்டார். இணைப்புக் கொடுத்தவன் நான்.

மேலாளர் என் தோளைத் தட்டினார். “உன்னப் பத்தித் தெரியாதா முத்து, நம்புதேன். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போவாத.” மற்றவர்களும் நம்புவதாகவே சொன்னார்கள். ஆனால் நான் வந்தால் பேச்சு நின்றது. வீட்டில் என் மனைவி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா மட்டும் என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏலே முத்து, நீயா?”

எழுந்து போகப் பார்த்தேன்.

“இல்லன்னா இல்லன்னு வாயால சொல்லு.”

“இல்ல.”

“சரி. ஒன் போனக் குடு.”

கொடுத்தேன். அதை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சரின் தம்பி முன்னிலையில், டீச்சரின் போனில் ரூட்டரின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்தார். எந்தெந்தப் போன் எப்போது இணைகிறது என்று அதில் பட்டியல் இருக்கும். என் போன் அதில் இல்லை. டீச்சருடையது இருந்தது. பெயர் தெரியாத இன்னொன்றும் இருந்தது. அக்கா டீச்சரைக் கொண்டே வைஃபை பாஸ்வேர்டை மாற்றவைத்தார். அரைமணி நேரம் காத்திருந்தோம். மாடியில் குடியிருந்த, வீட்டு உரிமையாளரின் மருமகன் இறங்கி வந்தான்.

“நெட்டு போயிட்டா டீச்சர்? பாஸ்வேர்டு மாத்திட்டீங்களோ?”

எப்போதோ ஒருநாள் அவசரத்துக்கென்று டீச்சரிடம் பாஸ்வேர்டு வாங்கியவன் அவன். “போனக் குடுங்க, நானே போட்டுத் தாரேன்” என்று அக்கா வாங்கினார். பட்டியலில் இருந்தது அந்தப் போன்தான். ரூட்டரின் அந்தக் கட்டுப்பாட்டுப் பக்கத்தை அவன் தினமும் திறந்து பார்த்த தடமும் அதில் இருந்தது. டீச்சரின் போன் இணைந்தால் டீச்சர் வந்துவிட்டார் என்று அவனுக்குத் தெரியும். டீச்சரின் தம்பி சட்டையைப் பிடித்ததும், செய்தி அனுப்பியது தான்தான் என்று அவன் ஒப்புக்கொண்டான். அந்த மாதமே டீச்சர் வேறு வீடு போனார்.

நான் நிமிர்ந்து நின்றேன். அக்கா என் பக்கம் திரும்பினார். “செஞ்சது நீயில்ல. ஆனா வைஃபை பாஸ்வேர்டு வேற, ரூட்டரத் தெறக்குற பாஸ்வேர்டு வேற. அது பெட்டியில அச்சடிச்சு வந்தது அப்படியே இருக்கு. அத மாத்தாம வந்தது யாரு?”

அது நான்தான். நான் மாட்டிய எந்த வீட்டிலும் மாற்றியதில்லை. அடுத்து வந்த மாதங்களில் அந்த வீடுகளுக்கெல்லாம் இருவரும் மறுபடி போனோம்.

அன்று டீச்சர் வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். “நான் செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்களாக்கா?”

“நெனச்சேன்.”

பொய்யாகவாவது இல்லை என்று சொல்லியிருக்கலாம் என்று பட்டது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார். “கேக்காம மனசுல வச்சிருந்தா, நீ எத்தன வருசம் நல்லவனா இருந்தாலும் எனக்குக் கள்ளன்தாம்ல. கேட்டுட்டேன், பாத்துட்டேன். இனி அது கெடையாது.”

உண்மையிலேயே அதன்பின் அந்தச் சந்தேகம் அவரிடம் இல்லை. தன் வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிற அளவுக்கு என்னை நம்பினார்.

என்னிடம்தான் ஒன்று மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் போகாதே என்று மேலாளர் என்னிடம் சொல்வதற்குச் சற்றுமுன், அக்கா அவர் அறையிலிருந்து வெளியே வந்ததை நான் பார்த்தேன். அப்படிச் சொல்லச் சொன்னதே அக்காதானோ என்று நினைத்தேன். எத்தனையோ வீடுகளுக்குச் சேர்ந்து போனோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றோ இல்லை என்றோ உடனே சொல்லியிருப்பார், அன்றோடு முடிந்திருக்கும்.

அடக்கத்தன்று மேலாளர் என் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் கேட்டிருக்கலாம். அது அக்காவிடம் கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்கவில்லை.

அவரை அறிந்து, இதைப் படிக்கும் உங்களிடம் அவர் விட்டுப்போனது வேறு எதுவோ இருக்கும். என்னிடம் இருப்பது இரண்டு. யார்மேல் சந்தேகம் வந்தாலும் இப்போது அவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுவிடுகிறேன். சென்ற வாரம் என் மனைவியிடமே, அந்த நாட்களில் என்னைச் சந்தேகப்பட்டாயா என்று கேட்டேன். பட்டேன் என்றாள். பிறகு இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். இன்னொன்று, அக்காவிடம் நான் கேட்காமல் விட்டது. அதற்கு இனி பதில் இல்லை.