பேண்டேஜ் சுற்றிய ஸ்பிரிங்

என் நெடுநாள் நண்பர் அவர், இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிப்பவர். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியைக்கூடப் பேண்டேஜ் துணி நாடாவில்தான் கழுத்தில் மாட்டியிருப்பார். எதைக் கழற்றினாலும் துடைத்து, பேண்டேஜ் சுற்றி வைப்பது அவர் பழக்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கவிருந்த என் மகள் கல்யாணத்துக்குத் தன் பழைய காரில்தான் பெண் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அந்த வாரம் பார்த்து, பழுது பார்க்கிறேன் என்று காரின் முன்பக்க சஸ்பென்ஷனைத் தன் வீட்டிலேயே கழற்றிவிட்டார்.

பதறி ஓடினேன். வாசலெல்லாம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி கட்டுகள். எண்ணினேன், முப்பத்தாறு.

"முதலாளி, டிரைவர் பக்கத்துக்குக் கனத்த ஸ்பிரிங்னு சொன்னீகளே, அது எது?"

இரண்டு கட்டுகளை அவிழ்த்து மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு, அண்ணாச்சி."

"ஆஸ்பத்திரில பிறந்த பிள்ளைக்கே மாறிப்போகாம கையில பேர்ச்சீட்டு கட்டுதாக. நீங்க வெறும் பேண்டேஜைக் கட்டிட்டீகளே!"

"எம்புட்டு பயம் உங்களுக்கு! கல்யாணத்தன்னைக்கு வண்டி வந்து நிக்கும், பாருங்க."

வந்து நின்றது, ஸ்பிரிங் இடம் மாறி டிரைவர் பக்கம் சாய்ந்தபடி. வேறு வண்டி பிடிக்க நேரமில்லை. அவர் காரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க முன்னால இடப்பக்கம் ஏறுங்க."

ஏறினேன். வண்டி நிமிர்ந்தது. முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம்.

"பொண்ணோட அப்பா முன்சீட்டுல வாரதுதானே மரியாதை!" என்று சம்பந்தியிடம் பெருமையாகச் சொன்னார். அந்த மரியாதை என் வயதுக்கா, எடைக்கா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகவில்லை.