டியூப் பெட்டிக்குள் ஒரு சக்களத்தி

சட்டைகளுக்குக் காஜா எடுத்தே கண் பூத்துப் போனவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் காஜாக்கா. அன்று கணவரின் பஞ்சர் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனவர், கை துடைக்கத் துணி தேடி டியூப் பெட்டியைத் திறந்தார். உள்ளே, கிரீஸ் படாமல் பிளாஸ்டிக் பையில் பொதிந்த மூன்று கடிதங்கள். மூன்றின் அடியிலும் வளைந்து நெளிந்த ஒரு பெண்ணின் கையெழுத்து.

பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. கண்ணீரில் எழுத்து கலங்கியதால், வீட்டில் வைத்துப் படித்துக் காட்டியவள் நாத்தனார்.

"'எத்தனையோ பேரில் உங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.' கேட்டீங்களா அண்ணி? 'உங்கள் சம்மதத்துக்காகக் காத்திருக்கிறோம்.' காத்திருக்காளாம்."

"கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கே?"

"கார்டு, வட்டி, நிபந்தனைன்னு போகுது. வெக்கத்துல சுத்தி வளைக்கிறா. எங்க அண்ணனுக்கா இந்த யோகம்?"

காஜாக்கா ஒரு பெட்டி கட்டினார். தன் புடவைகளை அல்ல, கணவரின் சட்டைகளை. ஒன்று விடாமல் அள்ளிக்கொண்டு, கடிதத்தில் இருந்த பேங்குக்கே போய், மேசை மேல் பெட்டியை வைத்தார்.

"இந்தக் கையெழுத்துக்காரி எங்க? இனிமே அவர் துணிய அவளே தோய்க்கட்டும். கிரீஸ் கறை போகாது, சொல்லிட்டேன்."

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பேர்ல இங்க யாருமே இல்ல. அச்சுல போடறதுக்குன்னு வெச்ச பேரு."

"ஆளே இல்லாம எங்க விலாசம் எப்படித் தெரிஞ்சுது?"

"தவணைல ஏதாவது வாங்கினீங்களா?"

"ஃப்ரிட்ஜ். அவர் பேர்ல."

"ஒழுங்கா கட்டினீங்களா?"

"ஒரு மாசம் தவறினதில்ல."

"அதான். யார் கடனை ஒழுங்கா கட்டறாங்கன்னு கணக்கு வெச்சிருக்கிற கம்பெனி இருக்கு. அவங்ககிட்ட நல்ல பேரா கேட்டு வாங்குவோம். மெஷின் எல்லாருக்கும் இதே கடிதத்தை அடிச்சு அனுப்பும். கார்டு வாங்கிக்கச் சொல்லி."

"கட்டினது நான். காஜா எடுத்த காசுல."

"அப்ப இத்தனை நாளா நாங்க உங்க பின்னாடிதான் சுத்தியிருக்கோம்க்கா."

வீடு திரும்பியபோது, மாற்றிக்கொள்ளச் சட்டையில்லாமல் பனியனோடு உட்கார்ந்திருந்தார் கணவர்.

"என் சட்டையெல்லாம் எங்க?"

"பேங்குக்குப் போயிட்டு வந்துச்சு. அந்தக் கடிதத்தை ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "தெருவே என்னை 'ஏய் பஞ்சர்'னுதான் கூப்பிடுது. அதுல 'மதிப்பிற்குரிய ஐயா'ன்னு போட்டிருந்துச்சு. வண்டி வராத நேரத்துல எடுத்துப் பார்ப்பேன். நீ பார்த்தா சிரிப்பியேன்னு..."

காஜாக்கா நடந்ததையெல்லாம் சொன்னார். கேட்டுவிட்டுக் கணவர் மெல்ல இழுத்தார்.

"அந்தம்மா நிஜமாவே இல்லையா?"

"சட்டைய மறுபடி பெட்டில வைக்கட்டுமா?"

காஜாக்கா தட்டை எடுத்து வைத்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மதிப்பிற்குரிய ஐயா, கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

கிரீஸ் கைக்கு அன்று அவர் இரண்டு முறை சோப்பு போட்டார்.